‘நடிக்கிறாள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் நெல், மணிலாக்கொட்டை, கரும்பு என்று அமைதியாக ஓடும் ஊர். இங்கே பல வருஷங்களாக சித்த வைத்தியம் பார்த்து வருகிறேன். மூட்டு வலி, மூலம், சொரியாசிஸ், சர்க்கரை... என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான்.

ஆனால் வாசகர்களே, இன்று நான் சொல்லப்போவது மூட்டு வலி பற்றி அல்ல. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.) பெண்ணுக்கு இருபது வயது. காலேஜில் படிக்கிறாள். முழங்கை வரை துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

“ஐயா, இவளுக்குக் கோபம் குறையறதுக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க. காலையில சிரிச்சுப் பேசறா. மத்தியானம் தட்டைத் தூக்கி வீசறா. ஃபிரெண்டு ஒருத்தி போன் எடுக்கலைன்னா ராத்திரி முழுக்க அழுவறா. கையை வேற கீறிக்கிறா. நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போவுது...”

நாடி பார்த்தேன். தூக்கத்துக்கு ஒரு சூரணம் கொடுத்தேன். “மனசைக் கொஞ்சம் கட்டுப்படுத்தக் கத்துக்கணும்மா” என்று உபதேசமும் செய்து அனுப்பினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ‘நீயும் இவ்வளவுதானா?’ என்பது போல ஒரு பார்வை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அந்த அம்மாவிடமிருந்து போன். “ராத்திரி எதையோ தின்னுட்டான்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம் ஐயா. குளுக்கோஸ் ஏத்தினாங்க. ‘நல்லாத்தான் இருக்கா, எப்பவும் போல நாடகம்தான்’னு சொல்லிக் காலையில அனுப்பிட்டாங்க. இப்ப இட்லி சாப்பிட்டுப் படுத்திருக்கா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிம்மா, ரெஸ்ட் எடுக்கட்டும்.”

எதைத் தின்றாள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அழுத்திக் கேட்டிருக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கண் மஞ்சளானது. அப்போதுதான் தெரிந்தது, அவள் தின்றது எலி பேஸ்ட் என்று!

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் பெரிய ஏமாற்றுக்காரன். சாப்பிட்ட முதல் நாள் வயிற்றுவலி, வாந்தி இருக்கலாம். சிலருக்கு அதுவும் இருக்காது. அடுத்த ஒன்றிரண்டு நாள் ஆள் தெளிவாக இருப்பது போலத் தெரியும். உள்ளே கல்லீரல் வெந்துகொண்டிருக்கும். அதனால் இதைத் தின்றவர் ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்றாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பல நாள் கண்காணித்து, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பாராசிட்டமால் மாத்திரையை அள்ளி விழுங்கியவர்களுக்கும் இதே கதைதான்.

அந்தப் பெண்ணைப் பெரிய ஊருக்குக் கொண்டு போனார்கள். மூன்று வாரம் போராடினார்கள். பிழைத்தாள். ஊர் திரும்பிய பிறகு அவளே என்னைப் பார்க்க வந்தாள். “ஏம்மா இப்படிப் பண்ணே?” என்று கேட்டேன்.

“நடிக்கிறேன்னு எல்லாரும் சொன்னாங்க சார். நிஜமா செஞ்சாத்தான் நம்புவாங்கன்னு தோணுச்சு.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

குணமா... கோளாறா?

அவளுக்கு இருந்தது திமிரும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. பிற்பாடு மனநல மருத்துவர் பல முறை பேசிப் பார்த்துச் சொன்ன பெயர், ஆளுமைக் கோளாறு. அதிலும் ‘எல்லைநிலை’ என்று சொல்லப்படும் வகை.

மனிதர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. எங்கள் சித்த மருத்துவத்தில் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று உடற்கூற்றைப் பிரித்துச் சொல்வோம். ஒருவர் படபடப்பு, ஒருவர் முன்கோபி, ஒருவர் நிதானம். இதெல்லாம் இயல்பு. வியாதி இல்லை.

அப்படியானால் குணம் எப்போது கோளாறாகிறது? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தப் போக்கு வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் தொடர்கிறதா? வாலிப வயதிலிருந்தே வருஷக்கணக்கில் நீடிக்கிறதா? அதனால் அவரோ, கூட இருப்பவர்களோ நிஜமாகவே அல்லல்படுகிறார்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆனால் பெயர் சூட்டும் வேலை நம்முடையது அல்ல. அதை அவர் நிதானமாகச் செய்வார். முக்கியமாக, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தவே கூடாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, ஆளுமைக் கோளாறுகளை 10 வகையாக, 3 கூட்டமாகப் பிரிக்கிறது. முதல் கூட்டம், எவரையும் நம்பாமல் சந்தேகப்படுகிறவர்கள், ஒட்டாமல் ஒதுங்குகிறவர்கள். இரண்டாவது, உணர்ச்சி கொந்தளிக்கிறவர்கள், சட்டதிட்டத்தை மீறுகிறவர்கள், தன்னையே பெரிதாக நினைக்கிறவர்கள். மூன்றாவது, எதற்கும் பயந்து விலகுகிறவர்கள், யாரையாவது ஒட்டிக்கொண்டே இருக்கிறவர்கள், எல்லாம் கோடு போட்டது போல் இருக்க வேண்டும் என்று தன்னையும் பிறரையும் வாட்டுகிறவர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலோ, இந்த வகைகளை ஏறக்குறைய விட்டுவிட்டது. லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று பாதிப்பின் அளவைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. ‘இவர் எந்த ஜாதி நோயாளி?’ என்பதைவிட ‘இவர் எவ்வளவு கஷ்டப்படுகிறார்?’ என்பதுதான் முக்கியம் என்று ஆகிவிட்டது. நல்ல மாற்றம்தான்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் கை காட்ட முடியாது. பிறவியிலேயே சிலருக்கு உணர்ச்சி சீக்கிரம் பொங்கும், மெதுவாக அடங்கும். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. அதோடு சின்ன வயதில் அடி, பாலியல் தொல்லை, தாய் தகப்பனின் பிரிவு, கவனிப்பாரற்ற நிலை என்று சேர்ந்துவிட்டால் நிலைமை சிக்கலாகிறது. இதில் எதுவுமே நடக்காத நல்ல குடும்பத்திலும் வரலாம். அதனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்துவிட்டால் என்ன ஆகும்? அன்றைக்கு ரசம் சாப்பிட்டாலும் எரியும். சாதாரண மோர்க்குழம்பு கூட நெருப்பாக இருக்கும். சமைத்தவர் “காரமே போடலையே, ஏன் கத்தறே?” என்பார். அவர் சொல்வதும் நிஜம். எரிகிறது என்பதும் நிஜம். இந்த நோயாளிகளின் மனசு அந்த வெந்த நாக்கு மாதிரி. நாம் சாதாரணமாகச் சொல்லும் “அப்புறம் பேசலாம்” என்ற வார்த்தை அவர்கள் காதில் “நீ எனக்கு வேண்டாம்” என்று விழுகிறது.

இதில் உங்களுக்கு என்ன பங்கு?

“டாக்டர், இதெல்லாம் மனநல நிபுணர் சமாசாரம். எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?” என்று கேட்பீர்கள். நிபுணரிடம் போவதற்கு முன்னால் இவர்கள் யாரிடம் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் கட்டுப் போடும் நர்ஸ். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர். 108 ஆம்புலன்ஸ்காரர். வகுப்பு டீச்சர். ஸ்டேஷன் ரைட்டர். மெடிக்கல் ஷாப் பையன். என்னைப் போன்ற சித்த வைத்தியர். இவர்களில் ஒருவராவது உங்கள் வீட்டில் இருப்பார். இல்லாவிட்டாலும் ஒரு நாள் இப்படிப்பட்ட ஒருவர் அத்தை மகளாகவோ, பக்கத்து வீட்டுப் பையனாகவோ உங்கள் முன்னால் வந்து நிற்பார். அன்றைக்கு நீங்கள்தான் முதல் வரிசை.

நம் நாட்டில் மனநல உதவியை மாவட்டத்துக்குக் கொண்டு வர, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட நாலு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. அதன் அடிப்படை யோசனையே, சாதாரண டாக்டரும் சுகாதார ஊழியரும் மனநோயை அடையாளம் கண்டு ஆரம்ப உதவி செய்யப் பழக வேண்டும் என்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்? நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், மனநல மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் ஐந்து நிமிஷம். உட்காரச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் குரல் ஏற ஏற உங்கள் குரல் இறங்கட்டும். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தால் முதலில் கூட்டத்தைக் கலையுங்கள். ஆள் வெறிகொண்டு அடிக்கிற நிலையில் இருந்தால் நீங்கள் வாசல் பக்கம் நில்லுங்கள், தனியாக அணுகாதீர்கள்.

2. வலியை ஒப்புக்கொள்ளுங்கள். “இதுக்குப் போயா இப்படிப் பண்ணே?” என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். “ரொம்பத் தாங்க முடியாமப் போயிருக்கும்னு தெரியுதும்மா” என்று சொல்லிப் பாருங்கள். இப்படிச் சொன்னால் கையைக் கீறிக்கொண்டதை நியாயப்படுத்தியதாக ஆகிவிடாதா? ஆகாது. செய்ததை ஒப்புக்கொள்வது வேறு, வலியை ஒப்புக்கொள்வது வேறு. எங்கள் எண்வகைத் தேர்வில் நாடி ஒன்று, மொழியும் ஒன்று. நான் அன்றைக்கு நாடியை மட்டும் பார்த்தேன். மொழியைக் கேட்கவில்லை.

3. நேரடியாகக் கேளுங்கள். “செத்துப் போகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது வழி யோசிச்சு வெச்சிருக்கியா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளறிவிட்டது போல் ஆகும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்ட மாத்திரத்தில் பலர் பெருமூச்சு விட்டுக் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். பத்தாவது முறை வந்தாலும், முதல் முறை போலவே கேளுங்கள். எதையாவது தின்றிருந்தால், என்ன, எப்போது என்று கேட்டு, டப்பாவையோ டியூபையோ கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

4. முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். இரக்கப்பட்டு “எப்ப வேணா போன் பண்ணு, நான் இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது முறை போன் வந்ததும் எரிந்து விழுகிறோம். முதலில் சொன்னதைவிட இதுதான் பெரிய காயம். “திங்கக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வா, அரை மணி நேரம் பேசலாம். ராத்திரி அவசரம்னா இந்த நம்பர்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை 5 மணிக்கு நாற்காலியில் இருங்கள். அவ்வளவுதான்.

5. எல்லோரும் ஒரே பேச்சு பேசுங்கள். “நீங்கதான் சார் தெய்வம், அந்த நர்ஸம்மா ராட்சசி” என்பார்கள். அடுத்த வாரம் நர்ஸம்மா தெய்வம், நீங்கள் ராட்சசன்! இது சூது இல்லை. நல்லவர், கெட்டவர் என்று இரண்டே பெட்டிதான் அந்த நேரத்தில் அவர்கள் மனசில் இருக்கும். நீங்கள் தெய்வமானதில் மயங்கி நர்ஸைத் திட்டாதீர்கள். கூடப் பார்ப்பவர்கள் உட்கார்ந்து பேசி, என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்று ஒரே முடிவாகச் சொல்லுங்கள். வீட்டிலும் இதே கதைதான். அம்மா தடுத்ததை அப்பா ரகசியமாகக் கொடுத்தால் காரியம் கெட்டது.

6. ஒரு தாளில் எழுதி வையுங்கள். மனசு அமைதியாக இருக்கும் ஒரு நாளில், அவரையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கொந்தளிப்பு வரப்போகிறது என்பதற்கு என்ன அறிகுறி? அப்போது எது கொஞ்சம் தணிக்கும்? (சிலருக்குக் குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, சிலருக்கு மொட்டை மாடியில் வேகமாக நடப்பது.) யாரிடம் பேசலாம்? எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்? இந்தத் தாள் ஒன்று அவரிடம், ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம்.

7. பிரிவை முன்கூட்டிச் சொல்லுங்கள். டிரான்ஸ்பர் வந்தால் சொல்லாமல் போகாதீர்கள். லீவு போட்டாலும் முன்பே சொல்லுங்கள். கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் இவர்களில் பலருக்கு அடிவேர். அடுத்து வருகிறவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள்.

8. எல்லாரிடமும் ஒரே முறை செல்லாது. சந்தேகப்படும் சுபாவக்காரரிடம் குழைந்து பேசினால் சந்தேகம் கூடும். எழுதுவதைக் காட்டி, செய்வதைச் சொல்லிச் செய்யுங்கள். ஒதுங்குகிறவரை நெருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் உங்களையே கேட்கிறவரிடம், “நீ என்ன நினைக்கிறே?” என்று சின்னச் சின்ன முடிவுகளை அவரையே எடுக்க வையுங்கள். அடிதடிக்குப் போகிறவரிடம் மரியாதை குறையாமல், ஆனால் விதியைத் தளர்த்தாமல் பேசுங்கள். இங்கே போலீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது இவர்களை அடக்காது, கிளப்பிவிடும்.

9. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்களோடு பழகினால் கோபம் வரும், சலிப்பு வரும், ‘நான் உதவாக்கரை’ என்று தோன்றும். வருவது இயல்பு. அதை நோயாளி மேல் காட்டாமல், கூட வேலை செய்பவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். ஒரே ஆள் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம்.

மருந்து இருக்கிறதா?

இதை ஒரு சித்த மருத்துவனாக ஒளிக்காமல் சொல்கிறேன். அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூலில் மனநோய்களை 18 வகையாகச் சொல்லியிருக்கிறது. மனசின் வியாதியை வியாதியாகவே பார்த்த பழைய மரபு நம்முடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஆளுமைக் கோளாறை ஒரு சூரணமோ, ஒரு லேகியமோ தீர்த்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய்.

இங்கிலீஷ் மருந்திலும் இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பிரிட்டனின் நைஸ் என்ற அரசு அமைப்பு 2009-ல் தந்த வழிகாட்டியில், எல்லைநிலைக் கோளாறுக்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கூடவே மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் இருந்தால் அவற்றுக்கு மருந்து தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர் தீர்மானிப்பார். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை “சித்த மருந்து சாப்பிடறோமே” என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த மருந்து சாப்பிட்டாலும் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். என் போன்றவர்கள் வேளைக்குச் சாப்பாடு, ஒழுங்கான தூக்கம், எண்ணெய்க் குளியல், மூச்சுப் பயிற்சி என்று உடம்பைச் சீராக வைக்க வழி சொல்லலாம். படபடப்பு கொஞ்சம் தணியும். அதற்கு மேல் உரிமை கொண்டாடக் கூடாது.

உண்மையான சிகிச்சை பேச்சு வழியாகத்தான். அமெரிக்காவின் மார்ஷா லினஹன் என்ற உளவியல் பேராசிரியை உருவாக்கிய ‘டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி’ முறை, 1993-ல் புத்தகமாக வந்தது. கொந்தளிப்பைத் தாங்குவது, உணர்ச்சியை நிதானிப்பது, உறவுகளில் கேட்க வேண்டியதைக் கேட்கப் பழகுவது, நடப்பதில் மனசை நிறுத்துவது ஆகிய நாலு திறமைகளைச் சைக்கிள் கற்றுக்கொடுப்பது போலக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த அம்மையாரைப் பற்றி ஒரு விஷயம். 2011-ல், தனக்கு வயது 68 ஆனபோது, எல்லோர் முன்னிலையிலும் அவர் ஓர் உண்மையைச் சொன்னார். 17 வயதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த பெண் தானேதான் என்று! அதைச் சொன்ன இடமும் அதே மருத்துவமனை.

“கீழ்பென்னாத்தூரில் இந்த சிகிச்சைக்கு எங்கே போவது?” என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. கனடாவின் டொரண்டோவில் 180 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு இந்தச் சிறப்பு முறை. மறு பாதிக்கு அனுபவமுள்ள மனநல மருத்துவர்கள் ஒழுங்காக, விடாமல் நடத்திய பொதுவான சிகிச்சை. 2009-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள்! அதனால் சிறப்பு முறை கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரே மனநல மருத்துவரிடம் விடாமல் போய் வருவதே பெரிய சிகிச்சை.

வீட்டில் ஒரு பூட்டு

இது விவசாய ஊர். பூச்சிமருந்து டப்பா பரண் மேலேயோ, மாட்டுக் கொட்டகையிலேயோ கை எட்டும் தூரத்தில் இருக்கும். டவுன் வீடுகளில் எலி மருந்தும் மாத்திரை டப்பாவும். கொந்தளிப்பு வரும் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதில்தான் பல உயிர்கள் இருக்கின்றன.

இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் 1998-லும் தடை செய்தார்கள். 2005-க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். பேங்க் லாக்கர் மாதிரிதான்! விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், தற்கொலைகளும் குறைந்தன. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டுக்குத் தமிழக அரசு தடை விதித்துவிட்டது. ஆனாலும் பழைய டியூப் ஏதாவது வீட்டு மூலையில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மேல் அவர் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப் நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

பல குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லாமல் “தெரியாம சாப்பிட்டுட்டா” என்று மறைப்பதற்கு இந்த பயம்தான் காரணம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகலாம், போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதற்காக பயந்து, என்ன தின்றார் என்பதை டாக்டரிடம் மறைத்து உயிரை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

“ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்.” இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! சரியாகாது. வெந்த புண்ணோடு ஒரு பெண்ணையோ பையனையோ புது வீட்டுக்குள் தள்ளினால் இரண்டு குடும்பமும் தவிக்கும். முதலில் சிகிச்சை. கல்யாணத்தைப் பற்றி அப்புறம் அவரே யோசிக்கட்டும்.

இரண்டாவது, சொல்லடி. “உன்னாலதான் எங்க நிம்மதி போச்சு”, “செத்துத் தொலையேன்” என்று கோபத்தில் வாய் தவறி வருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதற்காகக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ‘இல்லை’ என்பதை அமைதியாகச் சொல்லலாம். நேற்று சொன்ன ‘இல்லை’யை இன்று கத்தலுக்குப் பயந்து ‘சரி’ ஆக்காமல் இருந்தால் போதும்.

குணமாகுமா?

ஆகும். ‘இது கூடப் பிறந்தது, மாறவே மாறாது’ என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கி, எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து வருஷத்துக்குள் மிகப் பெரும்பாலோருக்கு நோயின் கடுமை அடங்கிவிட்டது தெரிந்தது. வேலை, உறவு எல்லாம் சீராக இன்னும் நாளாகலாம். ஆனால் அதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டுமே! அந்தப் பத்து வருஷத்தைத் தாண்ட வைப்பதுதான் நம் வேலை.

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். மாதம் ஒரு முறை திருவண்ணாமலைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கிறாள். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். முதல் இரண்டு வருஷம் மேடு பள்ளமாகத்தான் போயிற்று. இரண்டு முறை மறுபடியும் கையைக் கீறிக்கொண்டாள். அப்போதெல்லாம் அவள் அம்மா கத்தவில்லை. தாளை எடுத்தார், அதில் எழுதியிருந்தபடி செய்தார். சில மாதங்களாக அந்தத் தாளுக்கு வேலை வரவில்லை. என்னோடு சண்டை போட்டு, “இனிமே உங்களைப் பார்க்கவே மாட்டேன்” என்று போய்விட்டு, அடுத்த வாரமே வந்து உட்கார்ந்த நாட்களும் உண்டு. நான் “ஏன் வந்தே?” என்று கேட்பதில்லை. “வாம்மா, உட்காரு” என்பேன். போன வாரம் வந்தபோது, “முன்னெல்லாம் உங்ககிட்ட வர பயமா இருக்கும் சார். திட்டுவீங்கன்னு” என்றாள்.

வாசகர்களே! இந்த மாதிரி ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்றால், ‘நடிக்கிறாள்’ என்ற அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும். அதை விழுங்கிவிட்டு, “என்னம்மா சாப்பிட்டே? எப்ப சாப்பிட்டே?” என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டது அதைத்தான்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

- டெலி மானஸ் மனநல உதவி: 14416 (கட்டணம் இல்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்)
- தமிழக அரசு சுகாதார ஆலோசனை: 104
- ஆம்புலன்ஸ்: 108
- குழந்தைகளுக்கான உதவி: 1098
- பெண்களுக்கான உதவி: 181